மாமாவுக்கு அனுப்பிய வழி

டென்ட்டின் இரண்டாவது கம்பியை வளைத்துச் செருகும்போது முதல் கம்பி பிடுங்கிக்கொண்டு வந்து என் சிநேகிதி கொக்கின் தாடையில் அடித்தது. அவள் "ஆ" என்றுகூடச் சொல்லவில்லை. தாடையை ஒரு தடவு தடவிவிட்டு, விழுந்த கம்பியை எடுத்து மறுபடியும் வளைக்க ஆரம்பித்தாள். அடிபட்டால் சத்தம் போடாமல் இருக்கும் பழக்கம் யாருக்கும் சும்மா வந்துவிடாது.

இரண்டு பேருக்கும் வயது நாற்பத்து மூன்று. டென்ட்டை அதுவரை சினிமாவில்தான் பார்த்திருந்தோம். ஐந்தே நிமிடத்தில் கட்டிவிடலாம் என்று பையின் மேல் அச்சடித்திருந்தது. எங்களுக்கு ஐம்பது நிமிடம் ஆகியும் அது நிற்கவில்லை. என் வீட்டுக்காரர் அவருடைய ஆபீஸ் நண்பரிடம் இரவல் வாங்கித் தந்தது. பழைய ஸ்கூல் சிநேகிதியோடு ஊருக்கு வெளியே ஒருநாள் தங்கிவிட்டு வருகிறேன் என்று நான் சொன்னபோது, "நீ தரையில உக்காந்தாலே தூக்கிவிட ரெண்டு பேரு வேணும்" என்று சிரித்தார். அதற்கு மேல் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. மனிதருக்கு ரகசியம் என்றால் முகத்திலேயே எழுதி ஒட்டியிருக்கும்.

விஷயம் இதுதான். கொக்கு வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டாள். பதினாறு வருடம் குடும்பம் நடத்திய வீட்டிலிருந்து ஒரு கைப்பையும் ஒரு போர்வையுமாக, மத்தியானம் இரண்டு மணிக்கு, அடுப்பைத் துடைத்து வைத்துவிட்டு வந்துவிட்டாள். புருஷன் காலையிலேயே சரக்கு இறக்க வெளியூர் போயிருந்தார். ராத்திரி பத்து மணிக்குத்தான் திரும்புவார். அவளுடைய தாய்மாமா வடக்கே தூரத்து ஊரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். அவர் தன் வேனை எடுத்துக்கொண்டு கிளம்பி, விடிவதற்குள் எங்களிடம் வந்து அவளைக் கூட்டிப் போவதாக ஏற்பாடு. அதுவரை எங்காவது ஒளிந்திருக்க வேண்டும். லாட்ஜில் தங்க முடியாது. அவள் புருஷனின் வியாபாரமே லாட்ஜ்களுக்கு பெட்ஷீட்டும் துண்டும் சப்ளை செய்வது. சுற்றுவட்டாரத்தில் ரிசப்ஷனில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் அவருக்கு 'தம்பி'தான். கொக்கு டென்ட்டில் படுப்பாள் என்று மட்டும் அவர் சொப்பனத்திலும் நினைக்கமாட்டார் என்பதால், நகரத்திலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில், ஏரிக்கரையில், டென்ட் போட்டுத் தங்க வாடகைக்கு விடும் இந்த இடத்தை நான்தான் தேடிப் பிடித்தேன்.

அவரை நான் பார்த்ததே இல்லை. அவருக்கும் இப்படி ஒருத்தி இருப்பது தெரியாது. நான் பல்செட் செய்யும் லேபில் வேலை பார்க்கிறேன். டாக்டர்கள் அளவெடுத்து அச்சு அனுப்புவார்கள்; ஆளைப் பார்க்காமலே பல்லைக் கட்டி அனுப்புவோம். இரண்டு வருடம் முன்பு ஒரு சீட்டில் கொக்கின் முழுப்பெயரைப் பார்த்தேன். இருபத்தைந்து வருடம் கழித்து என் சிநேகிதி என் மேஜைக்கு வந்தது ஒரு உடைந்த பல்லாக. எட்டு மாதம் கழித்து அதே பெயரில் இன்னொரு அச்சு. அதே பக்கம், அதற்கு அடுத்த பல். இரண்டு தடவையும் பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாக டாக்டரிடம் சொல்லியிருந்தாள். வழுக்கி விழுகிறவர்கள் அளவெடுத்த மாதிரி ஒரே பக்கமாகவா விழுவார்கள்? அப்புறம் அவள் டாக்டரிடம் வரும் நாட்களில் நான் கிளினிக்கின் பின்வாசல் படிக்கட்டில் போய் நிற்பேன். புருஷன் முன்பக்கம் காரில் காத்திருப்பார். பதினைந்து நிமிடம் கிடைக்கும். ஸ்கூலில் அவள் உயரத்துக்கு நான்தான் 'கொக்கு' என்று பெயர் வைத்தேன். என் வாய்க்கு அவள் வைத்த பெயர் 'ரேடியோ'. அந்தப் படிக்கட்டில் ரேடியோ முழுக்கப் பாடும், கொக்கு கேட்டுக்கொண்டிருக்கும். பதினோராவது தடவைதான் அவள் வாயைத் திறந்தாள்.

ஒருவழியாக டென்ட் நின்றது. கோணலாக நின்றது என்றாலும் நின்றது. கொக்கு கயிறுகளை இழுத்துப் பிடித்து முளை அடித்துக்கொண்டிருந்தாள். வாயில் இரண்டு முளையைக் கடித்துக்கொண்டு, "மாமாவுக்கு லொக்கேஷன் அனுப்பிடுடி, அவரு கிளம்பியிருப்பாரு" என்றாள். காலையிலிருந்து அணைத்து வைத்திருந்த அவளுடைய போனை என்னிடம் தூக்கிப் போட்டாள். பூட்டைத் திறக்கும் எண்ணையும் சொன்னாள். அந்த இடத்தில் குழாயடிக் கொட்டகைப் பக்கம் போனால்தான் சிக்னல் கிடைக்கும் என்று வாசலில் காவல்காரர் சொல்லியிருந்தார். நான் மேட்டில் ஏறிப் போனேன்.

போனில் மொத்தமே முப்பது பெயர்கள் இருந்திருக்கும். 'மாமா' என்று ஒன்றே ஒன்று. திறந்தால் உள்ளே பழைய செய்தி எதுவும் இல்லை, துடைத்து வைத்த மாதிரி இருந்தது. படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ரோஜாப்பூ. வயசானவர்கள் எல்லோரும் பூப்படம்தான் வைப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். லொக்கேஷனை அனுப்பினேன். அத்தோடு விட்டிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? வாய் சும்மா இருந்தாலும் விரல் சும்மா இருக்குமா? அவளே எழுதுகிற மாதிரி எழுதினேன்: "மாமா, நாங்க இங்க வந்து சேர்ந்துட்டோம். நீங்க வந்து என்னைக் கூட்டிட்டுப் போயிடுங்க. இனி அந்த வீட்டுப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்கமாட்டேன்." படித்துப் பார்த்தபோது எனக்கே கண் கலங்கியது. அனுப்பிவிட்டுக் குழாயில் முகம் கழுவி நிமிர்வதற்குள் பதில் வந்துவிட்டது.

"வரேன். அங்கயே இரு."

பாசமான மனுஷர் என்று நினைத்துக்கொண்டு இறங்கினேன். கொக்கு பாய் விரித்து, ஃபிளாஸ்க்கிலிருந்து இரண்டு டம்ளரில் டீ ஊற்றி வைத்திருந்தாள். ஏரியில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. எங்களைத் தவிர அங்கே யாரும் கூடாரம் போட்டிருக்கவில்லை. அவள் காலை நீட்டி உட்கார்ந்து, மூச்சை இழுத்துவிட்டு, "இந்த நேரத்துல டீயை உக்காந்து குடிச்சு எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா" என்றாள். சிரிக்கக்கூடச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு மொத்தம் ஒரு டம்ளர் டீ நேரம் இருந்தது. நான்தான் அதையும் கெடுத்தேன்.

"உங்க மாமாவுக்கு எவ்ளோ அக்கறைடி. முகம் கழுவறதுக்குள்ள பதில் போட்டுட்டாரு."

"யாரு, மாமாவா? அவருக்கு போன்ல எழுதவே தெரியாதே. பொடி எழுத்து கண்ணுக்குத் தெரியாதும்பாரு."

"இதோ பாரு, 'வரேன்'னு போட்டிருக்காரு."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். சிந்தாமல், பார்த்து, புல்லில் ஒரு சமமான இடம் தேடி வைத்தாள். போனை வாங்கி நான் எழுதியதை முதலிலிருந்து படித்தாள். ரோஜாப்பூவை ஒருமுறை தொட்டாள்.

"இது அவருடி" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. புரியக் கூடாது என்று இருந்ததோ என்னவோ. "மாமான்னுதானே போட்டிருக்கு!" என்றேன்.

"அவரைத்தான் நான் மாமான்னு கூப்பிடுவேன். கல்யாணம் ஆன புதுசுல, அப்படிக் கூப்பிட்டா அவருக்கு அவ்ளோ பிடிக்கும். அவரே போன்ல அப்படிப் போட்டுக் குடுத்தாரு." அவள் குரலில் கோபமே இல்லை. "என் மாமா நம்பரை 'கேஸ் புக்கிங்'னு போட்டிருக்கேன், உங்கிட்ட சொல்ல மறந்துட்டேன். தினம் ராத்திரி போனை வாங்கிப் பாப்பாருல்ல."

கூடப் பிறந்தவளின் பெண்ணைக் காப்பாற்ற ராத்திரியெல்லாம் வண்டி ஓட்டி வருகிறவனும் மாமா; பல்லை உடைக்கிறவனும் மாமா. நம் வாயில் அந்தச் சொல் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி பாசமாகத்தான் வருகிறது. இதெல்லாம் அப்போது யோசித்ததில்லை. அப்போது கணக்குதான் ஓடியது. ராத்திரி பத்து மணி வரை அவருக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது. வீட்டுக்கு வந்து, தேடி, விசாரித்து, விடிந்துகூட இருக்கும். நான் மாலை ஐந்து மணிக்கே கூப்பிட்டுச் சொல்லி, வழியும் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அதுவும் அந்த வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்று வசனம் பேசி. "நான் பாவிடி, நான் பாவி" என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

"பரவால்லடி" என்றாள் கொக்கு. அவள் என்னை நாலு அறை அறைந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அவர் எங்கே இருக்கிறார் என்பதுதான் தெரியவில்லை. சரக்கு இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் இருந்தால் அரைமணியில் வந்துவிடலாம். இல்லாவிட்டால் இரண்டு மணி நேரம் ஆகலாம். ஏற்கெனவே நாற்பது நிமிடத்தை டீ குடித்துக் கழித்திருந்தோம். மேட்டுக்கு ஓடி 'கேஸ் புக்கிங்'கைக் கூப்பிட்டோம். மாமா வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். சத்தத்துக்கு நடுவே கொக்கு இரண்டே வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னாள். இன்னும் ஏழு மணி நேரம் ஆகும் என்றார் மாமா. "அங்க நிக்காதீங்கம்மா. மெயின் ரோட்டுக்கு வந்து வலது பக்கம் திரும்பி வந்துட்டே இருங்க. நான் எதிர்ல வரேன். எங்கயும் நிறுத்தாதீங்க" என்றார். அவரும் 'வரேன்' என்றுதான் சொன்னார்.

காவல்காரரிடம் சொல்லலாமே என்றேன் நான். கொக்கு தலையை ஆட்டினாள். "அவரை உனக்குத் தெரியாதுடி. வந்து பத்து நிமிஷத்துல அந்தக் காவல்காரரே அவருக்கு நாற்காலி போட்டு உக்கார வெச்சு, எனக்குப் புத்தி சொல்லுவாரு. ஒரு தடவை போலீஸ் ஸ்டேஷனுக்கே போயிருக்கேன். அவரு வந்து பேசினாரு. அங்க இருந்த லேடி போலீஸே, 'இவ்ளோ தங்கமான மனுஷனை வெச்சுக்கிட்டு'ன்னு என்னைத்தான் திட்டி அனுப்பினாங்க."

டென்ட்டைப் பிரிக்க நேரமில்லை. பிரிக்க வேண்டாம் என்று அவள்தான் சொன்னாள். உள்ளே பேட்டரி விளக்கைப் போட்டுவிட்டு, வாசலில் தன் செருப்பை ஜோடியாகக் கழற்றி வைத்தாள். அந்தப் பதற்றத்திலும் அவளுக்கு அது தோன்றியது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பயந்து பயந்து வாழ்கிறவர்களுக்குப் பயத்தில் மூளை வேலை செய்யும் போலிருக்கிறது. எனக்கோ கார் சாவி எந்தப் பாக்கெட்டில் என்றே மறந்துவிட்டது. அவள் வெறுங்காலோடு வந்து காரின் பின்சீட்டுக்குக் கீழே, கால் வைக்கும் இடத்தில், மடங்கிப் படுத்தாள். அவ்வளவு உயரமான உடம்பு எப்படி அந்த இடுக்கில் அடங்கியது என்று தெரியவில்லை. போர்வையைப் போட்டு மூடி, மேலே தண்ணீர் கேனையும் ரொட்டிப் பையையும் வைத்தேன். வாசலில் காவல்காரர் எட்டிப் பார்த்தார். பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்றேன். "அந்தம்மா?" என்றார். "படுத்திருக்காங்க" என்றேன். பொய்யில்லை.

மெயின் ரோடு அங்கிருந்து ஏழு கிலோமீட்டர். ஒரு வண்டி மட்டும் போகிற மண்பாதை. ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் முள்வேலி. எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போய், பாதை கொஞ்சம் அகலமாக இருக்கும் இடத்தில் ஒதுங்கித்தான் வழிவிட வேண்டும். வெளிச்சம் மங்கிவிட்டிருந்தது. ஹெட்லைட் போட்டேன். பேசினால் நன்றாக இருக்கும்போல் இருந்தது. "கொக்கு, மூச்சு விட முடியுதாடி?" என்றேன். "பேசாம ஓட்டு" என்று போர்வைக்குள்ளிருந்து வந்தது.

நாலாவது கிலோமீட்டரில் எதிரே இரண்டு விளக்குகள் தெரிந்தன.

நான் நின்றுவிட்டேன். கால் தானாகவே பிரேக்கை மிதித்தது. எதிர்வண்டியும் நின்றது. இரண்டு வண்டியும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. வேறு யாராவது இருக்கலாம் என்று சொல்லிக்கொண்டேன். ஏரிக்கு மீன் பிடிக்க வருகிறவராக இருக்கலாம். அப்போது எதிர்வண்டி விளக்கைத் தணித்து, மெதுவாகப் பின்னால் போக ஆரம்பித்தது. வெகுதூரம் போனது. அகலமான இடம் வந்ததும் வேலியோரம் ஒட்டி ஒதுங்கி, 'வாங்க' என்பதுபோல் ஒருமுறை விளக்கைச் சிமிட்டியது. எனக்கு வழிவிட்டு நிற்கிறது. போகாமல் இருக்க முடியுமா? முதல் கியரில் ஊர்ந்து போனேன். இரண்டு கார்களும் பக்கத்துக்குப் பக்கம் வந்தபோது அந்தக் கண்ணாடி இறங்கியது. என்னுடையது ஏற்கெனவே இறங்கியிருந்தது.

"மேடம், ஒரு நிமிஷம். கேம்ப்புக்கு இந்த வழிதானே?"

வெளிர்நீலச் சட்டை. மடிப்பு கலையாத கை. நரைத்த கிருதா. தொழில் புத்தி, முதலில் பல்லைத்தான் பார்த்தேன். நன்றாகப் பராமரித்த பல்வரிசை. "ஆமா" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

"இன்னும் எவ்ளோ தூரம்ங்க?"

"நாலு கிலோமீட்டர் இருக்கும்."

"அங்க உயரமா ஒரு லேடி பாத்தீங்களா? என் ஒய்ஃப். சின்ன கோவம், ஃப்ரெண்டோட கிளம்பி வந்துட்டா." வெட்கப்படுவதுபோல் சிரித்தார். "இருட்டுன்னா ரொம்ப பயப்படுவா. அதான் போட்டது போட்டபடி ஓடி வரேன்."

எனக்குப் பின்னால், கைநீட்டினால் தொடும் தூரத்தில், போர்வைக்குக் கீழே இருந்தவள் மூச்சு விடுவதை நிறுத்திவிட்டாள். அது எனக்குக் கேட்டது. வாழ்க்கையில் முதல்முறையாக, எத்தனை வார்த்தை பேச வேண்டும் என்று எண்ணிப் பேசினேன்.

"டென்ட்டுக்குள்ள லைட் எரிஞ்சுது. செருப்பு வெளியில கிடந்தது."

"அப்பாடா" என்று நெஞ்சில் கை வைத்தார். "ரொம்ப நன்றிங்க. பாத்துப் போங்க, முன்னாடி வளைவுல ரோடு சரிஞ்சிருக்கு. இடது பக்கம் ஒட்டிக்காதீங்க."

கார் போய்விட்டது. வளைவில் நிஜமாகவே பாதை சரிந்திருந்தது. அவர் சொல்லியிருக்காவிட்டால் நாங்கள் பள்ளத்தில் இறங்கியிருப்போம். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது: அந்த அரை நிமிடத்தில் எனக்கு அவரைப் பிடித்துப்போனது. இப்படி ஒரு அண்ணன் எனக்கு இல்லையே என்றுகூட மனம் ஒரு நொடி போனது. அவர் அரிவாளோடு இறங்கியிருந்தால்கூட நான் அவ்வளவு நடுங்கியிருக்கமாட்டேன். எல்லாம் தெரிந்த எனக்கே இப்படி என்றால், பதினாறு வருடம் இவள் யாரிடம் போய் என்ன சொல்லி நம்பவைத்திருக்க முடியும்?

"போயிட்டாருடி" என்றேன். இரண்டு மூன்று தடவை கூப்பிட்டேன். மெயின் ரோட்டு முனையில் வண்டியை நிறுத்தி, திரும்பித் தண்ணீர் கேனை முன்சீட்டுக்கு எடுத்து வைத்துவிட்டுப் போர்வையை விலக்கினேன். கொக்கு கண்ணைத் திறந்துகொண்டுதான் கிடந்தாள்.

"நீலச் சட்டையா?" என்றாள்.

"ஆமா."

"காலையில நான்தான் இஸ்திரி போட்டு வெச்சேன்." போர்வையை மடிக்க ஆரம்பித்தாள். "முகம் வாடியிருந்துதா? மத்தியானம் சாப்பிட்டிருக்கமாட்டாரு. லோடு இறக்கற நாள்ல சாப்பிடவே மாட்டாரு."

அதுவரை நான் பயந்ததெல்லாம் வெளியே இருந்து வருகிற ஒருவரைப் பார்த்து. இது உள்ளே இருந்து வந்தது. அவள் இறங்கி, 'திருப்புடி, நான் போய்ப் பேசிப் பாக்கறேன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் நான் என்ன செய்ய முடியும்? கட்டிப்போட்டா கூட்டிப் போக முடியும்? இடது பக்கம் நகரம், வலது பக்கம் மாமா வரும் பாதை. லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. நான் வலது பக்க இண்டிகேட்டரைப் போட்டேன். அது டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. கிளட்சில் என் கால் ஆடுகிற ஆட்டத்தில் வண்டி ஒரு குதி குதித்து அணைந்துவிட்டது. மறுபடி போட்டேன். மறுபடி அணைந்தது.

முன்சீட்டில் கிடந்த போன் ஒளிர்ந்தது. மெயின் ரோட்டில் சிக்னல் நன்றாகவே இருந்தது. ரோஜாப்பூ. மாமா. மணி அடித்து ஓய்ந்து, உடனே மறுபடி அடித்தது. அந்த ஃப்ரெண்ட் நான்தான் என்று நடுவழியிலேயே அவருக்கு உறைத்துவிட்டது போலிருக்கிறது. கண்ணாடியில் பார்த்தேன். மண்பாதையின் கோடியில், மரங்களுக்கு நடுவே, இரண்டு விளக்குகள் வேகமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தன. இந்தத் தடவை அவை தணியவில்லை.

பின்கதவு திறந்தது. போய்விட்டாள் என்றே நினைத்தேன். அடுத்து என் பக்கக் கதவு திறந்தது.

"தள்ளு" என்றாள் கொக்கு.

"நீ ஓட்டுவியா? கடைசியா எப்ப ஓட்டினே?"

"கல்யாணத்துக்கு முன்னாடி. தள்ளுடி."

கியரைத் தாண்டி, தண்ணீர் கேனோடு முட்டி மோதி, நான் பக்கத்து சீட்டில் போய் விழுந்தேன். அவள் ஏறி உட்கார்ந்தாள். முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. சீட்டைத் தள்ளிப்போட நேரமில்லை. வெறுங்காலால் கிளட்சைத் தேடி மிதித்தாள். ஹெட்லைட் என்று நினைத்து எதையோ திருக, வைப்பர் ஓட ஆரம்பித்தது. மழையும் இல்லை, தண்ணீரும் இல்லை. காய்ந்த கண்ணாடியில் இரண்டு கைகளும் கிறீச் கிறீச்சென்று அரைவட்டம் அடித்தன. அதை எப்படி நிறுத்துவது என்று அவளுக்குத் தெரியவில்லை, எனக்கு வாய் வரவில்லை. பின்னால் வந்த வெளிச்சம் எங்கள் காருக்குள் முழுதாக விழுந்தது. என் மடியில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. கொக்கு கழுத்தை நீட்டி, ஒரு லாரி போகட்டும் என்று பார்த்தாள், இன்னொன்றும் போகட்டும் என்று பார்த்தாள், பிறகு வைப்பர் ஓடுகிற கண்ணாடியோடு வண்டியை வலது பக்கம் திருப்பினாள்.